மறைந்த பின்னும் தெரியும் சூரியன்

நோன்பு திறக்கும் வேளையில், மேற்கே அடிவானத்தைத் தொட்டு நிற்கும் செஞ்சூரியனைக் காண்போர், இன்னும் பொழுது சாயவில்லை என்று காத்திருப்பர். அது முறையே. ஆயினும் அந்நேரம் சூரியன் உண்மையில் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது! நாம் காண்பது, வளைந்து வந்த ஒளி காட்டும் தோற்றமே.

கிண்ணத்தின் அடியில் காசொன்றை இட்டு, விளிம்பு அதனை மறைக்கும்வரை பின்னே நகர்ந்து நில்லுங்கள். மற்றொருவர் மெல்ல நீர் வார்க்கட்டும். மறைந்த காசு மேலெழுந்து தெரியும். நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதே காரணம். இதனை ஒளிவிலகல் என்பர். வெட்டவெளியிலிருந்து காற்று மண்டலத்துள் புகும் சூரிய ஒளியும் இவ்வாறே வளைகிறது. அடிவானத்தருகே அவ்வளைவு சுமார் 34 கலை. (60 கலை சேர்ந்தது 1 பாகை.) சூரியனின் அகலமோ ஏறத்தாழ 32 கலைதான். ஆகவே முழு வட்டமும் மேலே தூக்கிக் காட்டப்படுகிறது. நம் பகுதியில் மாலைப் பொழுது 2 நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நீள்கிறது.

கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் விண்மீன்களின் ஒளி இவ்வாறு விலகுவதையும் ஆராய்ந்துள்ளார். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்தவரும் அவரே. அந்நூலின் இலத்தீன் பெயர்ப்பு 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது.

மார்க்கம் கண்ணுக்குத் தெரியும் மறைவையே கொள்கிறது. எனவே மஃரிபு நேரம் கணிப்போர், விலகல் 34 கலையும் சூரியனின் பாதி அகலம் 16 கலையும் கூட்டி, அதன் மையம் 50 கலை தாழ்ந்த நேரத்தையே மறைவாகக் கொள்கின்றனர். கைபேசி காட்டும் நேரத்திலும் இக்கணக்கே அடங்கியுள்ளது.

இத்தனை நுட்பமும் ஊர் மாறினால் வீணாகும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள கூட்டேரிப்பட்டு, சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே அங்கே சூரியன் சராசரியாக 2½ நிமிடம் பிந்தி மறைகிறது. தெற்கேயும் இருப்பதால் டிசம்பரில் அது 4 நிமிடத்தை நெருங்கும். சென்னை அட்டவணையை அப்படியே பார்த்து அவ்வூரில் பேரீச்சம்பழத்தை வாயிலிடுபவர், பகலின் எஞ்சிய நிமிடங்களில் நோன்பை முறித்தவராகிறார். ஸஹருக்கு அதே அட்டவணையால் கேடில்லை. சென்னையில் வைகறை முந்தியே வருவதால், அதைப் பார்த்து உணவை நிறுத்துவோர் சற்று முன்னதாகவே நிறுத்துகின்றனர்.