காருக்குள் பெட்ரோல் நெடியா? கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நிற்கிறது. அது அம்பாசிடராக இருக்கலாம். பிரீமியர் பத்மினியாக இருக்கலாம். சென்னையிலேயே உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டாகவும் இருக்கலாம்.

கோவிலுக்குப் போகலாம் என்று குடும்பமே புறப்படுகிறது. கதவைத் திறந்ததும் குப்பென்று பெட்ரோல் நெடி! குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். பாட்டிக்குத் தலை சுற்றுகிறது.

"பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும். கண்ணாடியை இறக்கி விடு, சரியாகிவிடும்" என்கிறார் வண்டிக்காரர்.

சரியாகாது! நெடி வருகிறது என்றால், எங்கோ பெட்ரோல் வெளியே வருகிறது என்று அர்த்தம்.

பெட்ரோல் அல்ல, அதன் ஆவி!

பெட்ரோலில் தீப்பிடிக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் எரிவது பெட்ரோலில் இருந்து கிளம்பும் ஆவிதான். மண்எண்ணெய் கொஞ்சம் சூடானால்தான் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். பெட்ரோல் அப்படி அல்ல. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு அதில் இருந்து ஆவி கிளம்பும். நம் ஊர் வெயிலில் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி கலந்தால் போதும். ஒரு சின்னப் பொறி பட்டாலும் 'பக்'கென்று பற்றிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. புகையைப் போல மேலே போய்விடாது. தரையில் தவழும். காரின் தரைவிரிப்புக்கு அடியிலும், டிக்கியின் பள்ளத்திலும், கார் ஷெட்டின் மூலையிலும் தங்கி நிற்கும். கார் ஷெட்டை ஒட்டி சமையல் அறை இருக்கும் வீடுகளில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

உடம்புக்கும் இது ஆகாது. கொஞ்ச நேரத்தில் தலைவலி வரும், குமட்டும். பெட்ரோலில் 'பென்சீன்' என்ற பொருள் இருக்கிறது. அதை நெடுங்காலம் சுவாசித்தால் ரத்தப் புற்றுநோய் வரக்கூடும். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் இப்படிப்பட்ட காரில் ஏற்றவே கூடாது.

புதிய காரில் ஏன் இல்லை?

புதிய கார்களில் பெட்ரோல் டாங்க்கின் ஆவி வெளியே போவது இல்லை. கரி நிரப்பிய ஒரு டப்பா அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. என்ஜின் ஓடும்போது அந்த ஆவியை என்ஜினே இழுத்து எரித்துவிடுகிறது.

பழைய கார்களில் அந்த டப்பா கிடையாது. டாங்க்கும் கார்புரேட்டரும் வெளிக்காற்றோடு சேர்ந்தே மூச்சு விடுகின்றன. அதனால் நன்றாக இருக்கிற பழைய காரிலும், வெயிலில் ஓடிவிட்டு நிறுத்தினால், பானெட் பக்கம் லேசாக வாசனை வரும். சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாவதுதான் காரணம். கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

காருக்கு உள்ளே வருவதும், காலையில் ஷெட்டைத் திறந்ததும் வருவதும், ஓடும்போது விடாமல் வருவதும் அப்படிப்பட்டவை அல்ல.

எப்போது வருகிறது?

பெரும்பாலானவர்கள் நெடி வந்ததும் பானெட்டைத் தூக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றத் தொடங்குகிறார்கள். அது வீண் வேலை. வைத்தியர் என்ன கேட்கிறார்? "காய்ச்சல் எப்போது வருகிறது? காலையிலா, மாலையிலா?" என்றுதானே கேட்கிறார்? காரிடமும் அப்படியே கேட்க வேண்டும்.

பெட்ரோல் போட்ட அன்று மட்டும் நெடி வருகிறதா? இரண்டு மூன்று நாளில் தானாகவே குறைந்துவிடுகிறதா? அப்படியானால் கோளாறு டாங்க்கின் மேல் பகுதியில் இருக்கிறது. பெட்ரோல் மட்டம் இறங்கியதும் ஒழுக்கு நின்றுவிடுகிறது. டாங்க்கின் மேலே பெட்ரோல் அளவு காட்டும் கருவி பொருத்தி இருப்பார்கள். அதன் அடியில் ஒரு வாஷர் உண்டு. அது காய்ந்து வெடித்திருக்கும். அல்லது, பெட்ரோல் ஊற்றும் வாயையும் டாங்க்கையும் இணைக்கும் தடித்த ரப்பர் குழாய் கீறல் விட்டிருக்கும்.

வளைவில் திரும்பும்போது மட்டும் நெடி தூக்குகிறதா? அதுவும் இதே இடம்தான். பெட்ரோல் ஒரு பக்கமாக அலம்பி மேலே ஏறுகிறது. ஹெரால்டு போன்ற கார்களில் டாங்க், டிக்கிக்கு உள்ளேயே பக்கவாட்டில் இருக்கிறது. அங்கே கசிந்தால் நெடி நேராகப் பின் சீட்டுக்கு வந்துவிடும். குழந்தைகள் உட்காரும் இடம் அதுதானே!

இதைச் சோதிப்பது சுலபம். அடுத்த தடவை பாதி டாங்க் மட்டும் பெட்ரோல் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். நெடி வரவில்லை என்றால், ஒழுக்கு டாங்க்கின் மேல் பாதியில் இருக்கிறது என்பது நிச்சயம்.

'புல் டாங்க்' ஆசை!

டாங்க்கின் வாய் வரை தளும்பத் தளும்பப் போடச் சொல்கிறவர்கள் உண்டு. இது தப்பு. பெட்ரோல் பங்க்கில் பெட்ரோல் பூமிக்கு அடியில் குளிர்ச்சியாக இருக்கிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் போனதும் அது விரிகிறது. 40 லிட்டர் பெட்ரோலில் 20 டிகிரி சூடு ஏறினால் சுமார் முக்கால் லிட்டர் அளவு பெருகும். அந்த முக்கால் லிட்டர் எங்கே போகும்? மூடி வழியாக வழியத்தான் செய்யும்.

மூடியையும் பாருங்கள். உள்ளே உள்ள ரப்பர் வளையம் மிருதுவாக இருக்க வேண்டும். மூடி தொலைந்துபோய், கடையில் கிடைத்த ஏதோ ஒன்றைப் போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். அந்தந்தக் காருக்கு அந்தந்த மூடிதான் பொருந்தும்.

எந்நேரமும் வருகிறதா?

டாங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தாலும் நெடி வந்தால், சந்தேகம் குழாய்கள் மீது விழ வேண்டும். டாங்க்கில் இருந்து என்ஜின் வரை ஒரு மெல்லிய உலோகக் குழாய் காரின் அடியில் ஓடுகிறது. சேறும் தண்ணீரும் பட்டு அது துருப்பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழலாம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையைச் சீக்கிரமே செய்துவிடும்.

இரண்டு முனைகளிலும் ரப்பர் குழாய்கள் உண்டு. இவைதான் இப்போது அதிகத் தொல்லை கொடுக்கின்றன. 2025-ஆம் ஆண்டுக்குள் நம் நாடு எங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது அல்ல. எத்தனாலில் ஊறி ஊறி அது உப்புகிறது, பிசுபிசுக்கிறது, பிறகு வெடிக்கிறது. வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும். கையால் வளைத்துப் பார்த்தால் சிறு சிறு வெடிப்புகள் தெரியும்.

எனவே எத்தனால் தாங்கும் பெட்ரோல் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். மீன் தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, கட்டுக்கம்பியால் முறுக்கி விடும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் என்ஜினுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். நல்ல கிளிப் ஒன்றின் விலை ஒரு வேளை டிபனுக்குக்கூட ஆகாது.

பானெட்டுக்கு அடியில்

டாங்க் பக்கம் எதுவும் இல்லை என்றால் இப்போது பானெட்டைத் திறக்கலாம்.

முதலில் கார்புரேட்டர். அதன் கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. நம் வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் ஒரு பந்து மிதக்கிறது அல்லவா? தொட்டி நிறைந்ததும் அது குழாயை மூடிவிடும். இதுவும் அதே வேலைதான். மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்துவிட்டால் அது மூழ்கிவிடும். குழாய் மூடாது. கார்புரேட்டர் பொங்கி வழியும். மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் கதை முடிந்தது. புதிது போட வேண்டியதுதான். மிதவை நன்றாக இருந்தால், குழாயை அடைக்கும் சின்ன ஊசியில் தேய்மானமோ தூசியோ இருக்கும்.

அடுத்தது பெட்ரோல் பம்ப். இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால், இந்த ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாமலே நடக்கக்கூடியது.

என்ஜினோடு ஒட்டி இருக்கும் பம்ப்பின் உள்ளே தோல் போல ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை 'டயாப்ரம்' என்பார்கள். அது மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிறது. அது கிழிந்தால், பெட்ரோல் சில சமயம் வெளியே சொட்டாது. உள்ளே இறங்கி என்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. ஆனால் நெடி மட்டும் வரும்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. என்ஜின் ஆறிய பிறகு ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் கூடி இருக்கிறதா? ஆயில் தண்ணீர் போல ஓடுகிறதா? முகர்ந்தால் பெட்ரோல் வாசனை அடிக்கிறதா? உடனே வண்டியை நிறுத்திவிடுங்கள். "ஆயில் குறையவே இல்லை, நல்ல என்ஜின்" என்று சந்தோஷப்படாதீர்கள்! நீர்த்துப் போன ஆயில் என்ஜினைத் தின்றுவிடும். பம்ப்பைச் சரி செய்து, ஆயிலையும் முழுவதும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

ஒன்று, பெட்ரோலே ஒழுகாமலும் நெடி வரலாம். சோக் சிக்கிக்கொண்டால் என்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாக வரும். டிக்கிக் கதவின் ரப்பர் கிழிந்திருந்தால் அது காருக்குள்ளேயே நுழையும். கரும்புகையும் சேர்ந்து வந்தால் இதைச் சந்தேகியுங்கள். அந்தப் புகையோடு கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் வரும். அதற்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பவுடர் வித்தை

பெட்ரோல் கசிந்த உடனே காய்ந்துவிடும். ஈரம் தெரியாது. ஆனால் நாள்பட்ட கசிவு, காப்பிக் கறை போலப் பழுப்பான ஒரு கறையை விட்டுச் செல்லும். அல்லது, அந்த இடம் மட்டும் அழுக்கு இல்லாமல் கழுவி விட்டதுபோல் இருக்கும். இரண்டுமே துப்புதான்.

சந்தேகப்படும் இணைப்பை, என்ஜின் ஆறி இருக்கும்போது நன்றாகத் துடைத்துவிட்டு, அதன் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் வெள்ளைப் பவுடரில் கருத்த கோடு விழுந்திருக்கும். காரின் அடியில் படித்து முடித்த பத்திரிகையை விரித்து வைத்தால், எந்த இடத்தில் சொட்டுகிறது என்பது தெரியும். இதையெல்லாம் திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

நம் மூக்கை ரொம்பவும் நம்பக் கூடாது. சில நிமிஷங்களில் அது பழகிப்போய்விடும். "இப்போது வாசனை இல்லையே!" என்று தோன்றும். தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரியாத நெடி, எப்போதாவது ஏறும் வீட்டு அம்மாவுக்கு உடனே தெரியும். அவர் சொன்னால் சண்டை போடாமல் நம்புங்கள்.

செய்யக் கூடாதவை

தீக்குச்சி கிழித்துப் பார்க்கக் கூடாது. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று கேட்பீர்கள். இருட்டில் அவசரத்துக்கு லைட்டரைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்களே! டார்ச் விளக்கைக்கூடத் தள்ளி நின்று ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது. ஷெட்டுக்குள் நெடி நிறைந்திருந்தால் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கதவுகளைத் திறந்து வையுங்கள். வெளியே தள்ளிக்கொண்டு வாருங்கள். நெடி நன்றாகக் கலைந்த பிறகே பாட்டரி ஒயரைக் கழற்றலாம்.

டாங்க்கில் இருந்து பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் மிகவும் அபாயமானது. ஒரு வாய் நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போய்விடும். நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

காலி டாங்க்கைப் பற்றவைக்கக் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். "பெட்ரோல்தான் இல்லையே" என்று நினைப்பார்கள். காலி டாங்க்கில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. நிறைந்த டாங்க்கைவிட இது பயங்கரம்! இதில் அனுபவம் உள்ள, டாங்க்கை முழுவதும் கழுவிச் சுத்தம் செய்து வேலை செய்கிற பட்டறையில் மட்டுமே கொடுங்கள்.

பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து, தீயைப் பரப்பிவிடும். காருக்குள் ஒரு சிறிய பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும்.

வழியில் ஒழுக ஆரம்பித்தால், சில மெக்கானிக்குகள் சோப்பைக் குழைத்து ஓட்டையில் அப்புவார்கள். அது கொஞ்ச நேரம் நிற்கும். ஊர் போய்ச் சேரும் வரை என்று நினைத்துப் பயணத்தைத் தொடராதீர்கள். குடும்பத்தை இறக்கி பஸ்ஸில் அனுப்பிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதே மேல்.

வேலை முடிந்ததும் தரைவிரிப்புகளை எடுத்து இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். பஞ்சும் சணலும் பெட்ரோல் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வேறு ஒருவரைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பக்கத்துத் தெரு வரை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அவர் மூக்கைச் சுளித்தால், டாங்க்கை இறக்கியே பார்க்க வேண்டும்.