வானத்துக்கும் வரப்பு உண்டு – 9: தைப்பேயிலிருந்து ஷாங்காய்

தைவானின் தைப்பேயும் சீனாவின் ஷாங்காயும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், கிழக்கு 121.5 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று. நடுவே சுமார் 680 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு இதெல்லாம் ஒரு தூரமா? சாப்பாட்டுத் தட்டை நீட்டிய கையோடு பெல்ட்டைப் போடச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் 2008 வரை இந்தப் பயணம் பாதி நாளை விழுங்கியது. சீன உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை ஷேக்கின் அரசு 1949-ல் தைவானுக்கு இடம்பெயர்ந்ததோடு, தைவான் நீரிணையின் இரு கரைகளுக்கும் நேரடிப் போக்குவரத்து அற்றுப்போனது. பிற்காலத்தில் ஷாங்காயை அடுத்த குன்ஷானில் தொழிற்சாலை போட்ட தைவான் முதலாளிகள்கூட முதலில் தென்மேற்கே 800 கிலோமீட்டர் பறந்து ஹாங்காங்கில் இறங்கி, விமானம் மாறி, வடகிழக்கே 1,200 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டியிருந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்.

மூன்றாம் நாட்டாருக்கும் இந்தப் பகையால் சிக்கல் இருந்தது. சீனாவுக்கும் பறக்க வேண்டும், தைப்பேயையும் விட மனமில்லை, ஒரே பெயரில் இரண்டும் நடக்காது என்ற நிலையில், ஜப்பான் ஏர்லைன்ஸ் 1975-ல் தைவான் தடத்துக்கென்றே ‘ஜப்பான் ஏசியா ஏர்வேஸ்’ என்று தனி நிறுவனம் தொடங்கியது.

2003 சீனப் புத்தாண்டையொட்டி, ஜனவரி 26 அன்று சைனா ஏர்லைன்ஸின் (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இது தைவான் நிறுவனம்) சிறப்பு விமானம் ஷாங்காயில் இறங்கியது. அதுவும் வழியில் ஹாங்காங்கில் ஒருமுறை சக்கரம் பதித்த பிறகுதான்! 2005 புத்தாண்டு விமானங்களுக்கு அந்த இறக்கம் தேவைப்படவில்லை. ஆனால் ஹாங்காங் வான்வெளிக்குள் நுழைந்து வெளியேற வேண்டும் என்ற விதி நீடித்தது. மா யிங் ஜியோ தைவான் அதிபரான பின், 2008 ஜூலை 4-ல் தொடங்கிய வார இறுதிச் சிறப்பு விமானங்களும் அப்படியே சுற்றின.

தைவான் நீரிணைக்கு மேல் குறுக்கே விமானம் வருவதில் தைவானுக்குப் பாதுகாப்பு அச்சம் இருந்தது. இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. வான்வெளி ஒவ்வொரு கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எல்லைக்கு வரும் விமானத்தை ஒரு மையம் அடுத்ததிடம் ஒப்படைக்க வேண்டும்: என்ன எண், எவ்வளவு உயரம், எந்தப் புள்ளியை எத்தனை மணிக்குத் தொடும் என்று. தைப்பே மையமும் ஷாங்காய் மையமும் பேசிக்கொள்ளாதவை. இருவரோடும் பேசும் ஹாங்காங் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு மையங்கள் பேசாததற்கு ஒவ்வொரு விமானமும் டன் கணக்கில் எரிபொருளை எரித்ததை வீண்பிடிவாதம் என்றே சொல்வேன்.

2008 டிசம்பர் 15 அன்று இரு தரப்பின் ஒப்பந்தப்படி நேர்த்தடம் திறந்தது. பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைந்தது. 2010 ஜூன் 14 முதல் ஊருக்குள்ளேயே இருக்கும் தைப்பேயின் சோங்ஷான், ஷாங்காயின் ஹோங்சியாவ் நிலையங்களுக்கிடையே விமானங்கள் ஓடுகின்றன. கால அட்டவணை இன்று சுமார் இரண்டு மணி நேரம் காட்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம்.

இதைவிட மோசமான ஜோடி ஒன்று உண்டு: சியோலும் பியாங்யாங்கும். நடுவே 200 கிலோமீட்டர்கூட இல்லை, வழக்கமான விமானமும் இல்லை. 2000 ஜூனில் தென்கொரிய அதிபர் கிம் டே ஜுங் கடலைச் சுற்றிப் பறந்து அங்கே போன கதை அடுத்த வாரம்.