கால்நடை மருத்துவரின் கையொப்பம்

மனிதரைத் தாக்கும் தொற்றுநோய்கள் பல, விலங்குகளிடமிருந்தே நம்மை வந்தடைகின்றன. நாய்க்கடியால் வரும் வெறிநோய், ஆடுமாடுகளிடமிருந்து வரும் அடைப்பான், கோழிகளைக் கொன்று குவிக்கும் பறவைக் காய்ச்சல் ஆகியவற்றை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் கால்நடை மருத்துவர் என்றதும், மாட்டுக்கு ஊசி போடுபவர் என்ற அளவிலேயே நம்மில் பலர் எண்ணி விடுகிறோம். மனிதரின் உயிரைக் காக்கும் பொறுப்பையும் நம் நாட்டுச் சட்டம் அவரிடம் ஒப்படைத்திருக்கிறது. அதைப் பற்றிச் சிறிது அறிந்து கொள்வோம்.

யாருக்கு அந்த உரிமை?

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி, உரிய பட்டம் பெற்றுப் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே கால்நடை மருத்துவத் தொழில் செய்யலாம். "இந்த விலங்கு நோயற்றது" என்னும் சான்றிதழில் கையொப்பமிடும் தகுதியும் அவருக்கே உண்டு. சந்தைக்கும் இறைச்சிக் கூடத்துக்கும் வேறு மாநிலங்களுக்கும் விலங்குகள் செல்லும்போது, அந்தக் கையொப்பத்தை நம்பியே மற்றவர்கள் அவற்றை ஏற்கிறார்கள்.

மறைக்கக் கூடாத செய்தி

விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கென 2009-இல் நம் நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பட்டியலில் அடைப்பான், வெறிநோய், பறவைக் காய்ச்சல், கன்று வீச்சு நோய் முதலியவை இடம் பெற்றுள்ளன. இவற்றில் ஒன்று தம் கால்நடைக்கு வந்திருப்பதாக நம்பக் காரணமிருந்தால், உரிமையாளர் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும். அந்த விலங்கை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கட்டவும் வேண்டும். செய்தி கால்நடை மருத்துவரை எட்டியதும், அவர் துறை இயக்குநருக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். யாரும் வந்து சொல்லாவிட்டாலும், அவருக்கே அவ்வாறு நம்பக் காரணம் தோன்றினால் போதும். அறிக்கை அனுப்புவது அவர் கடமை. ஆய்வுக்கூடத்தின் முடிவு வரட்டும் என்று அவர் காத்திருக்க முடியாது.

இது எளிய கடமையன்று. செய்தி வெளியானால் அந்தப் பகுதியில் சந்தை நிற்கலாம். கால்நடைகளைக் கொண்டு போகவும் வரவும் தடை விதிக்கப்படலாம். இரண்டு மாடுகளை நம்பிப் பிழைக்கும் குடும்பம், "ஐயா, வெளியே சொல்லி விடாதீர்கள்" என்று கெஞ்சினால் மருத்துவர் என்ன செய்வார்? அவர்கள் துன்பம் உண்மையே. ஆயினும் அவர் மௌனமாக இருந்தால் அதைவிடப் பெரிய துன்பம் விளையும்.

மலேசியாவில் 1998-99-இல் நிகழ்ந்ததைப் பார்ப்போம். பன்றிப் பண்ணைகளில் தோன்றிய நிப்பா நோயை, முதலில் மூளைக் காய்ச்சலின் பழைய வகை என்றே கருதினர். அதற்குள் பன்றிகள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்கப்பட்டன. நோயும் கூடவே சென்றது. 105 பேர் இறந்தனர். ஏறத்தாழ பத்து லட்சம் பன்றிகளை அழிக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட பன்றிகளால் அங்கே இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் மாண்டார்.

இறந்த பின்னும் ஆபத்து

அடைப்பான் கண்ட மாடு திடீரென விழுந்து இறக்கும். மூக்கிலும் வாயிலும் உறையாத இரத்தம் கசியும். அதன் உடலை அறுக்கலாகாது. அறுத்தால் கிருமிகள் காற்றுப் பட்டு வித்துக்களாக மாறிப் பல்லாண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் இந்தக் கிருமியைச் சோதித்த ஸ்காட்லாந்தின் குரூயினார்ட் தீவு, 1990 வரை மனிதர் நடமாடக் கூடாத இடமாக இருந்தது என்றால் அதன் கொடுமை விளங்கும். ஆகவே மருத்துவர் காது நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதோடு நிறுத்தி, உடலை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கச் சொல்வார். தொற்றுநோயால் இறந்ததென்று தெரிந்தும் விலங்கின் உடலை ஆற்றிலோ ஏரியிலோ வாய்க்காலிலோ எறிவது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டத்துக்கு உரியது.

இறைச்சியும் பாலும்

இறைச்சிக் கூடத்துக்கு வரும் ஒவ்வொரு விலங்கையும் மருத்துவர் சோதித்துத் தகுதிச் சான்று தர வேண்டும். 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 விலங்குகளுக்கு மேலோ, ஒரு நாளில் 96-க்கு மேலோ ஒருவர் சோதிக்கலாகாது. ஒவ்வொன்றையும் அவசரமின்றிப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம்.

கன்று வீச்சு நோய் கண்ட பசுவின் பாலைக் காய்ச்சாமல் குடித்தால், விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியும் நம்மை வாட்டும். இதைத் தடுக்க, நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். 2019-இல் இதற்கென நாடு தழுவிய திட்டம் தொடங்கப்பட்டது. மாடுகளின் காதில் நாம் காணும் 12 இலக்க வில்லை, எந்த மாட்டுக்கு ஊசி போடப்பட்டது என்பதை அறிய உதவுகிறது. தகுதியில்லாதவர் தடுப்பூசிச் சான்று கொடுப்பதும், கெட்டுப்போன மருந்து என்று தெரிந்தே ஊசி போட்டுச் சான்று கொடுப்பதும் சட்டப்படி தண்டத்துக்கு உரியவை. அத்தகைய பொய்ச் சான்றை நம்பி ஏமாறுபவர், பால் வாங்கும் ஏதோ ஒரு வீட்டுத் தாயாக இருக்கலாம்.

நம் பங்கு

சட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், முதல் செய்தி மாட்டுத் தொழுவத்திலிருந்துதான் வர வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம், ஆடோ மாடோ கோழியோ காரணமின்றி இறந்தால் பெரியவர்களிடம் சொல்லி, கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிக்கச் செய்வோம். செத்த விலங்கின் இறைச்சியைப் பங்கு போடும் வழக்கத்தைத் தடுப்போம். பாலை நன்றாகக் காய்ச்சிப் பருகுவோம். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவோம். நாய் கடித்தால் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்வோம்.

நம் மாணவியருள் சிலர் நாளை கால்நடை மருத்துவராகலாம். 1903-இல் தோன்றிய சென்னை வேப்பேரிக் கல்லூரி உட்பட நம் மாநிலத்தில் அதற்கான கல்லூரிகள் உள்ளன. அவ்வாறு செல்லும் சகோதரிகள், தாங்கள் இடும் ஒவ்வொரு கையொப்பத்திலும் ஓர் ஊரின் நலம் அடங்கியிருப்பதை நினைவில் கொள்வார்களாக.