தீபாவளியும் செல்லப்பிராணிகளும்

தீபாவளி நாட்களில் நாய், பூனை போன்ற வீட்டுப் பிராணிகளை முதலில் பாதிப்பது வெடிச்சத்தம். மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் கேட்கும். நாயின் காது சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரையிலும், பூனையின் காது சுமார் 64,000 ஹெர்ட்ஸ் வரையிலும் எட்டும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசுகளுக்கு இந்தியாவில் தடை உண்டு. அந்த வரம்புக்குள் அடங்கும் வெடியும் விலங்குகளுக்குப் பெருஞ்சத்தமே.

சத்தத்தின் அளவோடு, அது எப்போது வரும் என்று தெரியாததும் விலங்கைக் கலங்கடிக்கிறது. மூளையின் அமிக்டலா ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயத்துடிப்பு ஏறுகிறது, உடல் ஓடத் தயாராகிறது. ஓடாமலே மூச்சிரைப்பது, எச்சில் வடிப்பது, நடுங்குவது, வாலை இடுக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுவது ஆகியவை நாயின் பயத்துக்கு அடையாளங்கள். பூனை பீரோவுக்குப் பின்னால் ஒடுங்கி, சாப்பிடாமல் கிடக்கும். நாளடைவில் பழகிவிடும் என்று விட்டுவிட முடியாது. பல நாய்களுக்கு இந்தப் பயம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது.

எனவே ஏற்பாடுகளைச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். பதிவு செய்த வெடிச்சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு, கூடவே பிடித்த தின்பண்டம் கொடுத்து, நாய் மிரளாத அளவுக்கு மெல்ல மெல்ல ஒலியைக் கூட்டிப் பழக்கலாம். மிகவும் பயப்படும் பிராணிக்குப் பதற்றம் தணிக்கும் மருந்துகள் உண்டு. எது, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமாலை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம்.

தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளாகக் காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும் பட்டாசு வெடிக்க அனுமதி தரப்படுகிறது. வெடி ஓய்ந்திருக்கும் பகலிலேயே நாயை வெளியே அழைத்துப் போய்விட்டு வருவது நல்லது. இரவில் வீட்டின் உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியையோ டிவியையோ ஓடவிட்டால் வெளிச்சத்தம் சற்று அமுங்கும். சங்கிலியால் கட்டினால், மிரண்டு இழுக்கும் நாய் கழுத்தைக் காயப்படுத்திக்கொள்ளும். ஒளிந்த இடத்திலிருந்து வெளியே இழுக்கவும் கூடாது. தட்டிக்கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறான எண்ணம். அருகில் வரும் நாயைத் தடவிக்கொடுக்கலாம். கதவு திறந்த நொடியில் ஓடித் தொலையும் நாய்கள் உண்டு என்பதால், கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்க வேண்டும்.

அடுத்த ஆபத்து பலகாரத் தட்டில் இருக்கிறது. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் உடலிலிருந்து மிக மெதுவாகவே வெளியேறும். ஒரு கிலோ எடைக்கு சுமார் 20 மில்லிகிராம் உள்ளே போனாலே வாந்தி, படபடப்பு தொடங்கும். 10 கிலோ நாய்க்கு அந்த அளவை எட்ட ஏறத்தாழ 100 கிராம் பால் சாக்லேட் போதும். டார்க் சாக்லேட்டானால் 40 கிராமே போதும். லட்டிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. சர்க்கரை இல்லாத சில இனிப்புகளில் சேர்க்கும் சைலிட்டால், நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென இறக்கிவிடும். தீபாவளிக் கறிக்குழம்பில் இரண்டு கேடு: வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். இவற்றைத் தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது, தீயும் புகையும். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பு, ஒளி அடங்கிய பிறகும் பாதத்தைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும். அதை வாளித் தண்ணீரில் போட வேண்டும். சுட்ட பாதத்தில் ஓடும் குழாய்த் தண்ணீரைக் குறைந்தது 10 நிமிடம் விட வேண்டும். பற்பசையோ ஐஸ் கட்டியோ வைக்கக் கூடாது. பறவைகளின் சுவாச அமைப்பில் நுரையீரலோடு காற்றுப்பைகளும் இருப்பதால் புகை அவற்றை எளிதில் பாதிக்கும். கிளி, லவ்பேர்ட்ஸ் கூண்டுகளைப் பால்கனியிலிருந்து உள்ளே எடுத்துவிட வேண்டும்.

தெரு நாய்களுக்கு ஒளிய அறை கிடையாது. மாடிப்படியின் அடியிலோ கார் நிறுத்துமிடத்திலோ அவை ஒதுங்கினால் விரட்டாமல், ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கலாம். வாலில் சரவெடி கட்டுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

மறுநாள் காலையிலும் எச்சரிக்கை தேவை. வெடிக்காத பட்டாசைக் கடித்துத் தின்னும் நாய்க்கு, அதிலுள்ள வேதிப்பொருட்களால் வாந்தியும் தசைத் தளர்ச்சியும் வரலாம். வாசலைப் பெருக்கி, வெடிக்காதவற்றைத் தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்திய பிறகே நாயை வெளியே விட வேண்டும்.