குடற்புண் ஆறியதா? கூறும் மலப் பரிசோதனை

சர்க்கரை வியாதியைப் பற்றியும் ரத்தக் கொதிப்பைப் பற்றியும் ரயில் பெட்டியில் முன்பின் அறியாதவரிடங்கூட நாம் பேசுகிறோம். குடல் உபாதை என்றால் மட்டும் வாய் அடைத்துவிடுகிறது. அக்கூச்சத்தின் கேட்டினை என் வீட்டிலேயே கண்டேன்.

என்னுடன் பெங்களூரில் தங்கியிருக்கும் தம்பிக்குப் பெருங்குடற்புண் நோய். மருந்து உட்கொண்டபின் ரத்தமும் சீதமும் நின்றன. "குணமாகிவிட்டதே, அண்ணா!" என்று அவனாகவே மாத்திரையை நிறுத்திவிட்டான், நானும் தடுக்கவில்லை. மூன்றாம் மாதம் நோய் இரட்டிப்பாகத் திரும்பிற்று.

அப்பொழுது டாக்டர் மலத்தில் 'கால்புரோடெக்டின்' அளவைப் பார்த்துவரச் சொன்னார். இது வெள்ளணுக்களில் ஒரு வகையில் மிகுதியாக உள்ள புரதம். குடற்சுவர் அழன்றிருக்குங்கால் அவ்வணுக்கள் அங்கே திரண்டு குடலுக்குள் கசிகின்றன. அவற்றோடு இப்புரதமும் மலத்திற் கலக்கிறது. இதனை முதன்முதலில், 1980-ஆம் ஆண்டில், விவரித்தவர்கள் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள்.

ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் குறைவாயின் பொதுவாக அழற்சி இல்லை எனக் கொள்வர். 250-க்கு மேற்பட்டால், புண் ஆறவில்லையென்று ஐயுறுவர். இடைப்பட்டதாயின் சில வாரங்கழித்து மீண்டும் பார்ப்பதுண்டு. சிகிச்சைக்கு முன்னிருந்த அளவு பின்னர் இறங்கியதா என்பதே மருந்தின் பலனைக் காட்டும்.

'க்ரோன்' என்னும் குடல் நோயுற்ற 244 பேரிடம் நடந்த ஆராய்ச்சியொன்று 2017-ல் வெளியாயிற்று. அறிகுறிகளையே பெரிதும் நோக்கி மருந்தை மாற்றிய பிரிவில், 48 வாரங்களில் நூற்றுக்கு 30 பேருக்குக் குடல் ஆறியிருந்தது. மலம், ரத்தம் இரண்டின் அளவுகளையும் சேர்த்துப் பார்த்த பிரிவிலோ 46 பேருக்கு ஆறியிருந்தது.

எனினும் இப்பரிசோதனை ஒன்றே முடிவன்று. தொற்றினால் வரும் வயிற்றுப்போக்கு, நம் நாட்டில் காணப்படும் குடற் காசநோய், சில வலி மாத்திரைகள் ஆகியவையும் இவ்வளவை உயர்த்தும். ஆதலின் உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும் டாக்டரிடம் மறையாமற் சொல்ல வேண்டும். சிலருக்குக் குழாய் வழியே குடலை நோக்குவதும் அவசியமாகும்.

தம்பிக்கு முதலில் வந்த அளவு 900-க்கு மேல். மருந்தை ஒழுங்காக உட்கொண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 180. அவ்விரு தாள்களையும் அவன் தன் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறான். இப்பொழுது மாத்திரையை நினைவூட்ட வேண்டியதில்லை.

அன்பர்களே! ஊரை விட்டு வந்த இடத்தில் தனியறையில் வாழும் நம் பிள்ளைகள் இத்தகைய நோயை எவரிடமும் சொல்லாமல் மறைப்பதுண்டு. பரிசோதனைக்கு வேண்டுவது ஒரு சிறு டப்பியும் சிறிதளவு மலமுமே. வெட்கத்தை விட்டு அவர்களைக் கேளுங்கள். வலி நின்றாலும், டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்த விடாதீர்கள்.