சாட்சி ஏன் தடுமாறுகிறார்?

"கார் என்ன நிறம்?"

"கறுப்பு... இல்லை, கருநீலம். அதிலிருந்து ஒருவன் இறங்கி..."

"மொத்தம் எத்தனை பேர்?"

"இரண்டு பேர். ஒருவன் கையிலே..."

"வண்டி நம்பரைக் கவனித்தீரா?"

சாட்சி திருதிருவென்று விழிக்கிறார். கையில் இருந்தது கத்தியா, கைப்பையா? சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது!

இப்படி விழிப்பவரை, 'இவர் சரியாகப் பார்க்கவில்லை' என்று தள்ளிவிடுவது வழக்கம். மனோதத்துவ நிபுணர்கள் இதை ஒப்புவதில்லை. பார்ப்பது வேறு, பார்த்ததை எடுத்துச் சொல்வது வேறு என்கிறார்கள்.

ஞாபகத்தை ஒரு பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னே சின்ன மேஜை ஒன்று உண்டு. உள்ளேயிருந்து எடுப்பதை அதில் பரப்பி வைத்துத்தான் பேச முடியும். இந்த மேஜைக்குச் 'செயல் நினைவு' என்று பெயர். அதில் சுமார் ஏழு விஷயங்கள் நிற்கும் என்று 1956-ல் அமெரிக்க நிபுணர் ஜார்ஜ் மில்லர் சொன்னார். 2001-ல் நெல்சன் கோவன் அதையும் நாலாகக் குறைத்துவிட்டார். எல்லோருக்கும் ஒரே அளவல்ல. குழந்தைகளுக்குச் சிறியது, முதுமையில் சுருங்குகிறது, பயம் வந்தால் அதுவும் ஓர் ஓரத்தை அடைத்துக்கொள்ளும்.

போலீஸ்காரர் கேட்கும் கேள்வியும் அதே மேஜையில்தான் வந்து விழுகிறது. பெரிய மேஜைக்காரர் ஒருவாறு சமாளிப்பார். மற்றவருக்கோ, கேள்வி ஒன்று ஏறினால் நினைவு ஒன்று கீழே விழும். நாணயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

காலியான இடத்தில் கேட்பவரின் வார்த்தையே குடியேறுவதும் உண்டு. 1974-ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும், 'நொறுக்கியபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் கூட்டத்தில் 7 பேர் சொன்னார்கள். இரண்டாவதில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது!

1980-களில் ரொனால்டு ஃபிஷரும் எட்வர்டு கெய்சல்மனும் அமெரிக்காவின் புளோரிடாவில் போலீஸ் விசாரணைப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். "நடந்ததைச் சொல்லுங்கள்" என்ற அதிகாரிகள் சராசரியாக ஏழரை விநாடியில் குறுக்கிட்டிருந்தார்கள். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவக்கூட அது போதாது!

இவர்கள் வகுத்த முறை எளியது. சாட்சி கண்ணை மூடி, சம்பவ இடத்தில் மறுபடி நிற்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். தோன்றியதையெல்லாம் தம் போக்கில் சொல்ல வேண்டும். கேட்பவர் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கஷ்டமான பாகம்! இதில் பழகிய மயாமி துப்பறியும் அதிகாரிகள், முன்பு தாங்களே திரட்டியதைவிட 47 சதவிகிதம் அதிகத் தகவல் பெற்றதாக 1989-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

1990-களில் இங்கிலாந்துப் போலீசாருக்கும் இதைப் பயிற்றுவித்தார்கள். ஆனாலும் முழுவதையும் கடைப்பிடிப்பவர் குறைவு. நேரம் பிடிக்கிறதாம்!