அபயதானமும் தாராவியும்

சமண நூல்கள் தானத்தை நான்காக வகுத்துச் சொல்கின்றன: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். பசித்தவனுக்குச் சோறு, பிணியாளனுக்கு மருந்து, கற்க வருபவனுக்கு நூல், அஞ்சி வந்தவனுக்கு அடைக்கலம். முதல் மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை. பள்ளிக்கூடம் என்ற சொல்லே சமண முனிவர்கள் தங்கியிருந்த பள்ளியிலிருந்து வந்தது என்பார்கள். நான்காவதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. நூல்களில் அதற்குப் பெரும்பாலும் உயிர்களுக்குத் தீங்கு செய்யாமை என்றே பொருள் சொல்லப்படும். ஆனால் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்தில் கிடைத்த 13, 14-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்றொரு தொடர் வருகிறது. அஞ்சி ஓடி வருபவருக்கு இந்த எல்லைக்குள் காவல் உண்டு என்று அறிவித்து ஒதுக்கிய இடம் அது. சமணர் செல்வாக்கு இருந்த பகுதி ஆகையால் இதை அபயதானத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

இந்தப் பழைய சங்கதி மும்பைத் தமிழருக்கு எதற்கு என்று கேட்கலாம். சொல்கிறேன்.

மும்பையில் நம்மவர்கள் முதல் மூன்று தானங்களிலும் குறை வைக்கவில்லை. மாட்டுங்காவில் 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் (எஸ்.ஐ.இ.எஸ். என்றால் டாக்சிக்காரருக்கும் தெரியும்) இன்று பல கல்லூரிகளாக வளர்ந்து நிற்கிறது. 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபா சங்கீதத்தோடு நிற்காமல் மருத்துவ உதவியும் செய்கிறது. செம்பூரிலும் சயானிலும் அன்னதானத்துக்கும் புத்தக உதவிக்கும் பஞ்சமில்லை. ஆனால் மாட்டுங்காவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டி மேற்கே நடந்தால் தாராவி. இரண்டு இடத்திலும் தமிழர்தான். 1896-இல் வந்த பிளேக் நோய்க்குப் பிறகு நகர மேம்பாட்டு டிரஸ்டு கோடு போட்டு, தெரு வகுத்து எழுப்பிய பகுதி மாட்டுங்கா. ஆங்கிலம் படித்து ஆபீஸ் வேலைக்கு வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடர்களும் இஸ்லாமியர்களும் தாராவிச் சதுப்பு நிலத்தைத் தாங்களே தூர்த்துக் குடிசை போட்டார்கள். இதைப் படிப்பு வித்தியாசம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஊரில் யாருக்குப் படிக்க விட்டார்கள் என்பதில் போய் நிற்கும் அது.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு, அங்கே சாதிக்குப் பதில் நிறம். 1914-இல் கிளீவ்லாண்டு நகரத்தில் பிரெடெரிக் காஃப் என்ற வங்கித் தலைவர் உலகின் முதல் 'சமூக அறக்கட்டளை'யை ஏற்படுத்தினார். பணக்காரர் ஒருவர் உயில் எழுதி வைத்துவிட்டுப் போவார். ஐம்பது வருஷம் கழித்து அந்தத் தேவையே இருக்காது. பணமோ வேறெதற்கும் தொட முடியாமல் கிடக்கும். நம் ஊரில் யாரும் நடக்காத பாதையில் பாழாய்க் கிடக்கும் சத்திரங்கள் மாதிரி. அதற்கு காஃப் கண்ட வழி: நகரத்தார் பலர் கொடுப்பதை ஒரே முதலாகப் போட்டு, அதன் வருமானத்தை அந்தந்தக் காலத்துத் தேவை பார்த்து உள்ளூர்க் குழு ஒன்று பிரித்துக் கொடுப்பது. ஏற்பாடு நன்றாகவே பரவியது. ஆனால் 1930-களில் அரசாங்கத்தின் வீட்டுக்கடன் நிறுவனம் நகர வரைபடங்களில் கறுப்பர் வாழ்ந்த பேட்டைகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியது. சிவப்பு என்றால் அங்கே கடன் கொடுத்தால் திரும்பாது என்று அர்த்தம். வீட்டுக்குக் கடன் இல்லாதவனுக்குச் சொத்து சேராது. சொத்து இல்லாதவன் பிள்ளைக்கு எத்தனை ஸ்காலர்ஷிப் கொடுத்தாலும் அடுத்த தலைமுறை மறுபடி அதே இடத்தில். சிகாகோ சமூக டிரஸ்டு 1915-இல் தொடங்கியது. இனங்களுக்கிடையே உள்ள சொத்து வித்தியாசத்தைக் குறைப்பதே தன் முதல் வேலை என்று அது அறிவித்தது 2019-இல்! நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நம் மும்பையிலும் 1991-இல் பம்பாய் சமூகப் பொது அறக்கட்டளை என்று இதே மாதிரியில் ஒன்று ஏற்பட்டது. இந்தியாவிலேயே முதலாவது என்பர்.

நம் நகரத்துச் சிவப்பு மை எது? 'சட்டவிரோதக் குடிசை' என்ற இரண்டு சொல்தான்.

சேலத்திலிருந்து பஞ்சத்தால் பிழைக்க வந்த நிலமற்ற விவசாயக் கூலி ஒருவர் 1961-இல் பம்பாய் வந்தார். ஒரு ரசாயனக் கம்பெனியில் தினக்கூலி. நடைபாதையில் பிளாஸ்டிக் மறைப்புக்குள் மனைவி, மூன்று பெண்களோடு குடித்தனம். அந்த இடத்துக்கும் ஒரு தாதாவுக்குப் பணம் கொடுத்திருந்தார். 1981 ஜூலையில், கொட்டுகிற மழையில், மாநகராட்சி ஆட்கள் குடிசையைப் பிரித்துக் குடும்பத்தையே சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு மனிதர் திரும்பி வந்து மறுபடி நடைபாதையிலேயே தங்கினார். ஊரில் வேலை இல்லையே! ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் புகழ்பெற்றிருக்கும் வழக்கில் அவரும் ஒரு மனுதாரர். 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. ஆனால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் சொல்லிவிட்டது. மாற்றிடம் கட்டாயம் தரவேண்டும் என்று சொன்னது யாருக்கு? 1976 கணக்கெடுப்பில் பெயர் பதிவானவர்களுக்கு. எண்ணப்பட்டவனுக்குப் புகலிடம், எண்ணப்படாதவனுக்கு நோட்டீஸ். இந்த இடத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதை முதலில் பிடித்துக்கொண்டவர் ஒரு தமிழர். கோலார் தங்கவயலில் பிறந்து இளவயதில் பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம். தச்சு வேலை தெரிந்தவர். செம்பூருக்கு அப்பால் டிராம்பே பக்கம் ஜனதா காலனியில் இருந்தார். மாநகராட்சியே முன்னர் கொண்டுவந்து குடியமர்த்திய காலனி அது. குப்பை அள்ள யாரும் வராததால் பிள்ளைகளைச் சேர்த்துக் குப்பையைச் சுமந்துபோய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டினார் என்பது அவரே சொல்லும் கதை. பக்கத்து அணுசக்தி நிலையத்துக்கு இடம் வேண்டுமென்று நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், சுமார் 70,000 பேரைக் கிளப்பிச் சீட்டா கேம்புக்கு அனுப்பினார்கள். நீதிமன்றம் போயும் நிற்கவில்லை. வெறும் எதிர்ப்பு போதாது, கையில் கணக்கு வேண்டும் என்று அவர் முடிவு கட்டியது அதற்குப் பிறகுதான். 1985-இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்து, அதில் 37 கோடி தாராவிக்கு வந்தபோது, அவருடைய தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பு தாராவி முழுக்கத் தானே கணக்கெடுத்தது. அரசாங்கம் நினைத்ததைவிட மிகக் கூடுதலான குடும்பங்கள் இருப்பது தெரிந்தது. கணக்கு இல்லாதிருந்தால் அத்தனை பேரும் திட்டத்துக்கு வெளியேதான்.

அடுத்தது பணம். பைகுல்லா நடைபாதைப் பெண்கள் 1986-இல் மகிளா மிலன் என்று சேர்ந்தார்கள். தினமும் ஒரு பெண் வீடு வீடாய்ப் போய் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று வாங்குவாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறத்தில் காகிதத் துண்டு. பையில் போட்டு வைத்தால் அதுதான் பாஸ்புக். இவர்களிடமிருந்து கிளம்பியவர்கள் பின்னாளில் மான்கூர்டில் மிலன் நகர் என்று சொந்த வீடுகளுக்கே போனார்கள்.

சிறுவாடு சேர்த்து மாடி கட்ட முடியாது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும். அங்கேதான் அறக்கட்டளைப் பணத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. தாராவியில் ராஜீவ் இந்திரா வீட்டுவசதிச் சங்கம் தானே கட்டடம் எழுப்ப முனைந்தபோது வங்கிக் கடன் வேண்டியிருந்தது. குடிசைக்காரரை நம்பி எந்த வங்கி கொடுக்கும்? இங்கிலாந்திலிருந்த ஹோம்லெஸ் இன்டர்நேஷனல் என்ற தர்ம ஸ்தாபனம் ஜாமீன் நின்றது. சிட்டி பாங்க் கடன் கொடுக்க முன்வந்தது. வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. பத்து ரூபாயைத் தானமாகக் கொடுத்தால் பத்து ரூபாய்தான். அதையே ஜாமீனாக வைத்தால் பெரிய தொகை நகரும், கடன் அடைந்ததும் பத்து ரூபாய் அடுத்தவனுக்கு ஜாமீன் நிற்கப் போகும். வாங்குகிறவனும் கை நீட்டியவனாக இல்லாமல் கடன்காரனாக, அதாவது சமானமானவனாக நிற்பான். ஜோக்கின் அற்புதம் 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்று 2018-இல் காலமானார். நம் சங்க மேடைகளில் அவர் பெயரை நான் அதிகம் கேட்டதில்லை.

இப்போது தாராவி மறுபடி எண்ணப்படுகிறது. 2022 நவம்பரில் மறுசீரமைப்பு ஏலத்தை அதானி குழுமம் வென்றது. மாநில அரசுக்கும் பங்குள்ள கம்பெனி வேலையை நடத்துகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பதாக நிரூபிப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவர்களுக்கும், மேல்தளத்துக்காரர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான், அதுவும் பணம் கட்டி. மேல்தளத்தில் குடியிருப்பவர் யாரென்று நமக்குத் தெரியும்: வாடகைக்காரர், தையல் வேலைக்கு வந்த பையன்கள், அண்ணன் வீட்டு மேலே பலகை போட்டுக் குடித்தனம் நடத்தும் தம்பி.

எல்லாம் காகிதத்தில் நிற்கிறது. பழைய வாக்காளர் பட்டியல், மின்சார பில், அப்பா பெயரில் இருக்கும் ரேஷன் கார்டு. அப்பா இறந்து பல வருஷம், பெயரில் எழுத்துப் பிழை, ஒரு கார்டில் முத்தையா, இன்னொன்றில் முத்து. மராத்தியில் வரும் அறிவிப்பைப் படித்துச் சொல்ல ஆளில்லை. நம் சங்கங்களின் அறநிலை நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, தாராவியில் ஒரு அறை, மராத்தி எழுதத் தெரிந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சம்பளம், பிரமாணப் பத்திரத்துக்கும் நகலுக்கும் செலவு, அவசியப்பட்டால் ஒரு வக்கீல் என்று ஏற்பாடு செய்யலாம். ஒரு இசைவிழாச் செலவுக்குள் அடங்கும். பணத்தை யாருக்கு எதற்கு என்று முடிவு செய்யும் குழுவில் பாதிப் பேர் தாராவிப் பெண்களாக இருக்க வேண்டும். எந்த வீட்டில் யார் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்பது செம்பூரில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.